கயிற்றைக் கழற்றி மாட்டும் இடம்

சலவை மெஷினில் போடுவதற்கு முன்னால் என் கணவரின் காற்சட்டைப் பைகளைத் துழாவிப் பார்ப்பது என் வழக்கம். காசு கிடைத்தால் எனக்கு. வேறு ஏதாவது கிடைத்தால் அவருக்கு நேரம் சரியில்லை என்று அர்த்தம். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கிடைத்தது ஒரு பீர் போத்தலின் மூடி. திறப்பான் பட்டு ஓரத்தில் லேசாக மடங்கியிருந்தது. முகர்ந்து பார்த்தேன். தகர வாசனைதான் வந்தது.

நான் ஒன்றும் கேட்கவில்லை. மூடியைக் கழுவித் துடைத்து, அலமாரியின் மேல்தட்டில் இருந்த காலி பிஸ்கட் டின்னுக்குள் போட்டு வைத்தேன். கோலா சிலாங்கூரில் ஒரு பெரிய கடையின் வாசலில் நின்று, வெளியே போகிறவர்களின் பையையும் ரசீதையும் ஒத்துப் பார்ப்பதுதான் நான் நெடுங்காலம் பார்த்த வேலை. வயிற்றில் பால்மாவு டின்னைக் கட்டிக்கொண்டு நிறைமாதக்காரியாக நடந்துபோனவளை, நடையைப் பார்த்தே பிடித்தவள் நான். அவசரப்பட்டுக் கையைப் பிடித்தால் ஆள் தப்பிவிடும், முழுதாக எடுக்கட்டும் என்று விட வேண்டும். இது அந்த வேலை எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்.

என் கணவர் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். ஒரு காலத்தில் நன்றாகக் குடிப்பார். எங்கள் மகளின் நிச்சயதார்த்தத்தில், மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் உட்கார்ந்திருக்க, தாம்பூலத் தட்டை நீட்டப் போனவர் தட்டோடு சேர்ந்து விழுந்தார். தேங்காய் உருண்டு போய் சம்பந்தியம்மாவின் காலடியில் நின்றது. மறுநாளே அவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றி, நாங்கள் முன்பு குடியிருந்த தோட்டத்து முனியாண்டி கோயிலுக்கு இழுத்துப் போனேன். தோட்டத்தில் இப்போது லயத்து வீடுகளும் இல்லை, ஆளும் இல்லை. செம்பனைக்கு நடுவே கோயில் மட்டும் நிற்கிறது. அங்கே பூசாரி அவருடைய வலது கையில் கயிறு கட்டினார். இனி குடித்தால் சாமி பார்த்துக்கொள்ளும் என்பது கணக்கு. ஒவ்வோர் ஆண்டும் திருவிழாவின்போது பழைய கயிற்றை அவிழ்த்துவிட்டுப் புதியதைக் கட்டிக்கொள்வார்.

எனக்குச் சாமி மேல் நம்பிக்கை உண்டு. கயிற்றின் மேல்தான் கிடையாது. என் அப்பாவும் அதே கோயிலில் கயிறு கட்டியவர்தான். கயிறு கட்டிய கையாலேயே சம்சு சாராயக் கிளாசைப் பிடித்தார். வீட்டுக்கு வரும்போது கொய்யா இலையைக் கடித்து மென்றுகொண்டே வருவார். எங்கள் லயத்து வாசலில் அம்மா குறுக்கே நின்று அவருடைய வாயை முகர்ந்து பார்ப்பார். கொய்யா இலை வாசம் வந்தாலே அம்மாவுக்குப் புரிந்துவிடும். இன்றைக்கும் யாராவது கொய்யா மரத்தடியில் நின்றால் எனக்கு அவர்மேல் சந்தேகம் வரும்.

அதனால் சாமி ஒரு பக்கம் பார்க்கட்டும், நான் ஒரு பக்கம் பார்க்கிறேன் என்று முடிவு செய்தேன். வெளியே போய்விட்டு வந்தால் என் கணவர் வாசலில் நின்று என் முகத்துக்கு நேரே ஊதிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். சாலையில் போலீஸ்காரன் ஊதச் சொல்வதில்லையா, அதே போலத்தான். கயிறு கட்டிய நாளிலிருந்து இந்தச் சட்டம் நடக்கிறது. அவரும் மறுத்ததில்லை. போன தீபாவளிக்கு புக்கிட் செந்தோசாவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். கடைக்குப் போய் ஐஸ் வாங்கி வருகிறேன் என்று போனவர் வர நேரமாகிவிட்டது. வாசலிலேயே நிறுத்தி ஊதச் சொன்னேன். சம்பந்தி வீட்டார், பக்கத்து வீட்டார் எல்லோரும் பார்த்துச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஐஸ் பை ஒரு பக்கம் ஒழுகிக்கொண்டிருக்க, குனிந்து ஊதினார். வாசம் ஒன்றும் இல்லை. நானும் சிரித்தேன்.

அந்தத் தீபாவளிக்குப் பிறகுதான் சனிக்கிழமைகளில் அவர் காணாமல் போக ஆரம்பித்தார்.

"எங்க போறீங்க?"

"சும்மா, பசார் பக்கம்."

சனிக்கிழமை மாலையில் பசாரில் ஈயும் பூனையும்தான் இருக்கும். மீன் எல்லாம் காலையிலேயே முடிந்துவிடும். போகிறவர் வெறுங்கையோடு போய் வெறுங்கையோடு வருகிறார். பள்ளிவாசலில் மக்ரிப் பாங்கு சொல்லும் அந்தி நேரத்துக்கு வீடு திரும்புகிறார். வரும்போது ஏதோ ஒரு பழைய பாட்டை மூக்குக்குள்ளேயே முனகிக்கொண்டு வருகிறார். வீட்டில் முனகுகிற ஆள் இல்லை அவர். வாசலில் ஊதினால் கிராம்பு வாசம் குப்பென்று அடிக்கிறது.

"என்னாங்க கிராம்பு?"

"பல்லு வலிக்குது லா."

பல் வலிக்கிறவர் பாட்டா பாடுவார்? எனக்குக் கொய்யா இலை ஞாபகம் வந்தது. சாராய வாசம் வரவில்லை என்பதற்காக நான் சும்மா இருந்துவிடவில்லை. வாசத்தை மறைக்கத்தானே கிராம்பு. அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் காற்சட்டைப் பையில் மூடிகள் கிடைத்தன. சில வாரம் ஒன்று, சில வாரம் மூன்று. எல்லாவற்றையும் டின்னில் போட்டேன். ஒவ்வொரு மூடிக்கும் ஒரு போத்தல் என்று கணக்கு வைத்துக்கொண்டேன். டின்னை ஆட்டிப் பார்த்தால் கலகலவென்று சத்தம் கேட்கும் அளவுக்கு ஆகிவிட்டது. ஆட்டியதும் பழசெல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தது. மறுபடியும் அந்தத் தட்டு, அந்தத் தேங்காய், எல்லோர் முன்னாலும் தரையில் கிடக்கும் அந்த மனிதர். அதை இன்னொரு முறை பார்க்க என்னிடம் தெம்பு இல்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை, ஊதிவிட்டு உள்ளே போனவரின் கையைப் பார்த்தேன். கயிறு இல்லை.

"கயிறு எங்க?"

"குளிக்கிறப்போ அறுந்து போச்சு."

"அறுந்தத எங்க போட்டீங்க?"

"ஆத்துல விட்டுட்டேன்."

பொய். அறுந்த கயிற்றை எங்கள் ஆட்கள் ஆற்றில் விடமாட்டார்கள். கோயிலுக்கு எடுத்துப் போய் வேப்பமரத்தில் கட்டிவிட்டு, அன்றைக்கே புதுக் கயிறு கட்டிக்கொண்டு வர வேண்டும். அது அவருக்கும் தெரியும். அதோடு அந்தக் கயிறு அறுந்திருக்கவும் முடியாது. நுனி பிரிந்துவிடக் கூடாது என்று நானே என் நீலச் சேலை நூலால் இறுக்கித் தைத்துக் கொடுத்திருந்தேன். அப்படியென்றால் கழற்றியிருக்கிறார். கயிற்றைக் கழற்றுகிறவன் எதற்குக் கழற்றுவான்? என் அப்பாவுக்காவது கயிற்றோடு குடிக்கும் துணிச்சல் இருந்தது. இவருக்கு அது இல்லை, கழற்றி வைத்துவிட்டுக் குடிக்கிறார் என்று நினைத்தேன். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் இரண்டாவது தடவை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்த சனிக்கிழமை அவர் கிளம்பிய சிறிது நேரத்தில் நானும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பசாருக்குப் பின்னால் ஒரு கடை வரிசை இருக்கிறது. முதலில் டயர் கடை, அடுத்து தையல் கடை, அதற்கடுத்து கறுப்புக் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு கடை. அந்தக் கடை திறந்து ஓர் ஆண்டுதான் இருக்கும். பெயர்ப் பலகையில் என்னவோ எழுதியிருக்கும், ஊரில் எல்லோரும் பப் என்றுதான் சொல்வார்கள். தமிழர் ஒருவரின் கடைதான். அதன் பின்சந்தில், குப்பைத் தொட்டி மறைவில், என் கணவரின் மோட்டார் சைக்கிள் நின்றது. முன்பக்கத்தில் இடம் காலியாகக் கிடக்கும்போது பின்சந்தில் நிறுத்துகிறவருடைய மனசாட்சி எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

நான் பொட்டும் பூவுமாகப் போயிருந்தேன். பையில் ஒரு கட்டுக் கங்கோங் கீரை. யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று கதவருகே கொஞ்ச நேரம் நின்றேன். நினைக்கட்டும் என்று தள்ளினேன்.

உள்ளே பாட்டுச் சத்தம்தான் முதலில் வந்தது. ஒருவர் கீபோர்டு வாசிக்க, இன்னொருவர் டோலக் தட்ட, பூப்போட்ட சட்டை அணிந்த ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு பழைய பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தாள். என் வீட்டில் மூக்கால் முனகப்படும் அதே பாட்டு. ஓகோ, இவள் வேறா என்று எனக்குள் இன்னொரு கணக்கு தொடங்கியது. நான் நினைத்த மாதிரி இருட்டாக இல்லை. ஒரு மேசையில் புருஷனும் பெண்டாட்டியும் பிள்ளைகளோடு உட்கார்ந்து மீ கோரெங் சாப்பிட்டார்கள். இரண்டு கேரம் பலகைகளைச் சுற்றிக் கூட்டம். சில மேசைகளில் பீரும் இருந்தது. மூலையில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, என் கணவர்.

அவருக்கு முன்னால் ஒரு கண்ணாடிக் கிளாஸ் இருந்தது. மஞ்சளாக ஏதோ பாதி. நான் கல்லாப் பக்கம் போனேன்.

"வாங்க அக்கா, ஒக்காருங்க. என்னா சாப்புடுறீங்க?"

கல்லாவில் இருந்த பெண் கேட்டாள். ஜீன்ஸ் போட்டு, தலையை ஒட்ட வெட்டியிருந்தாள், நாற்பது வயது இருக்கும். அவள்தான் கடைக்காரி.

"ஒண்ணும் வேணாம். அங்க ஒக்காந்திருக்காரே, அவரு என்னா குடிக்கிறாரு?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கீரைக் கட்டைப் பார்த்தாள். அப்போதே நான் யாரென்று அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

"லீமாவ் ஐஸ் அக்கா, வெறும் எலுமிச்சந் தண்ணி. அவருக்கு வேற எதுவும் நான் குடுக்க முடியாது." சொல்லிவிட்டு மேலே கையைக் காட்டினாள்.

கல்லாவுக்கு மேலே சாமிப் படம். சின்னச் சிவப்பு விளக்கு. படத்துக்குக் கீழே ஒரு மரப்பலகையில் வரிசையாக ஆணி அடித்து, ஆணிகளில் கயிறுகள் தொங்கின. கறுப்பு, சிவப்பு, மஞ்சள். கடைசி ஆணியில் தொங்கிய கயிற்றின் நுனியில் நீல நூல்.

கேரம் விளையாடும்போது கயிற்று நுனி காயைத் தட்டிவிடுகிறது என்று சண்டை வந்ததாம். விளையாடுகிறவர்கள் கயிற்றைக் கழற்றி அங்கே மாட்டுங்கள் என்று இவள் சொன்னாளாம். மாட்டிய பிறகு ஒருவர் வந்து, கயிறுதான் கையில் இல்லையே, ஒரு பீர் ஊற்று என்று கேட்டாராம்.

"அப்பதான் அக்கா நான் ரூல்ஸ் போட்டேன். கயிறு இந்த ஆணியில தொங்குற வரைக்கும் அந்த ஆளுக்கு இங்க ஊத்த மாட்டேன். குடிக்கணுமா, குடிக்கட்டும். நான் யாரு தடுக்க? ஆனா அந்தக் கயித்த எடுத்து, கையில கட்டிக்கிட்டு, எல்லாரு முன்னாலயும் வந்து என்கிட்ட கேக்கணும்."

நான் அவளை நம்பவில்லை. பீர் விற்கிறவள் பீரை வேண்டாம் என்பாளா?

"ஒனக்கு யாவாரம் நட்டம் இல்லையா?"

"குடிச்சுட்டு உருளுறவன் எப்பயாச்சும் வருவான் அக்கா. வெளையாடுறவன் வாரா வாரம் வருவான், சாப்புடுவான்." இது எனக்கு நம்பும்படி இருந்தது.

"கயித்தக் கட்டிக்கிட்டு வந்து யாராச்சும் கேட்டுருக்காங்களா?"

"ரெண்டு பேரு கேட்டாங்க. ஒருத்தருக்கு ஊத்திட்டேன்."

"இன்னொருத்தரு?"

அவள் ஒரு துணியை எடுத்துத் துடைத்த இடத்தையே துடைத்தாள். நான் விடுகிற ஆளா. நின்றுகொண்டே இருந்தேன்.

"தீவாளி முடிஞ்ச வாரம் அக்கா. வந்தாரு, கயித்தக் கழட்டி மாட்டுனாரு, யாரோடயும் வெளையாடல. கொஞ்ச நேரத்துல எந்திரிச்சு வந்து கயித்த எடுத்தாரு. மக வீட்டு வாசல்ல, சம்பந்தி முன்னால ஊதச் சொல்லிட்டாங்க, எல்லாரும் சிரிச்சாங்க, குடிக்காமயே இந்தக் கதின்னா குடிச்சா என்னான்னாரு. ஒத்தக் கையால முடிச்சு போட வரல. கட்டி விடுன்னு என்கிட்ட கையை நீட்டுனாரு. நான் கட்ட மாட்டேன்னுட்டேன். பல்லால கடிச்சு இழுத்து இழுத்துப் பாத்துக்கிட்டு ரொம்ப நேரம் நின்னாரு. அப்புறம் அவரே மறுபடியும் ஆணியில மாட்டிட்டு ஒரு லீமாவ் ஐஸ் கேட்டாரு."

பாட்டு முடிந்து எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு அந்தச் சத்தம் எரிச்சலாக இருந்தது.

"அப்ப வீட்டுக்கு வர்றப்போ கட்டிக்கிட்டு வர்றதுக்கு என்னா?"

"கொஞ்ச நாளு கட்டிக்கிட்டுத்தான் போனாரு. நான்தான் கட்டி விடுவேன். ஒரு நாளு, இங்கயே இருக்கட்டும்னுட்டாரு. கயிறு இருந்தாலும் ஊதணும், இல்லாட்டியும் ஊதணும், வீட்டுல அதுக்கு என்னா வேலை, இங்க அதுக்கு வேலை இருக்குன்னாரு."

அவள் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. கணக்குச் சொல்வது போலச் சொன்னாள். எனக்குத்தான் முகம் சுட்டது. நான் ஊதச் சொன்னது தப்பென்று இப்போதும் ஒத்துக்கொள்ள மாட்டேன். தட்டோடு விழுந்த மனிதரைத் தூக்கி நிறுத்தியவள் நான், இவள் இல்லை. ஆனால் பல்லால் கயிற்றைக் கடித்துக்கொண்டு நின்ற அந்த மனிதரை நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது. அதை அடக்கிக்கொண்டு மூலையைப் பார்த்தேன்.

அவர் இப்போது ஒரு கட்டம் போட்ட அட்டைக்கு முன்னால் குனிந்திருந்தார். டாம் விளையாட்டு. காய்களுக்குப் பதில் பீர் போத்தல் மூடிகள். ஒருவருக்கு மூடிகள் மல்லாந்து, இன்னொருவருக்குக் கவிழ்ந்து. எதிரில் இருந்தவர் தலையில் கைவைக்க, என் கணவர் ஒரு மூடியை எடுத்துச் சட்டென்று காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அது என்னாது?"

"ஜெயிச்சவங்க ஒரு மூடி எடுத்துக்கலாம் அக்கா. அவருதான் நெறைய எடுத்துட்டாரு, நான் மூடிக்கு எங்க போறது?"

பிஸ்கட் டின் ஞாபகத்துக்கு வந்தது. அத்தனை மூடிக்கும் அத்தனை போத்தல் என்று வயிறெரிந்திருக்கிறேன். அத்தனையும் அவர் ஜெயித்த ஆட்டங்கள். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இவ்வளவு ஆட்டம் இவர் எப்படி ஜெயித்திருப்பார், ஏதோ ஏமாற்று வேலை இருக்கிறது என்றும் தோன்றியது.

அப்போதுதான் திரும்பினார். என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்கவில்லை, கையிலிருந்த தட்டைத்தான் மேசைக்கு அடியில் தள்ளினார். நான் போய் இழுத்துப் பார்த்தேன். காட்டுப்பன்றி வறுவல். சனிக்கிழமை எங்கள் வீட்டில் மரக்கறி. முட்டைகூட அடுப்பில் ஏறாது. கிராம்புக்கு அர்த்தம் அப்போதுதான் விளங்கியது.

"சனிக்கிழமையும் அதுவுமா பன்னியா?"

"முனியாண்டிக்கே கறிச்சோறு படைக்கிறோம் லா. சாமிக்கு இல்லாத மரக்கறி எனக்கு என்னாத்துக்கு?" வாயில் ஒரு துண்டு மிச்சம் இருந்தது. "நீ எப்ப வந்த?"

"இப்பதான்."

என் சந்தேகம் முழுக்க வீண் இல்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல் இருந்தது. ஏதோ ஒன்றை மறைத்திருக்கிறார். நான் மோப்பம் பிடித்தது சரி. எதை மறைத்தார் என்பதில்தான் பிசகிவிட்டேன். அவர் என் முகத்தையும் கல்லாப் பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. சிரிக்கப் பார்த்தார். அன்று தீபாவளிக்குச் சிரித்த அதே சிரிப்பு. அது சிரிப்பு இல்லை என்று இப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நான் கல்லாவுக்குப் போய், கடைசி ஆணியிலிருந்து கயிற்றை எடுத்தேன். கடைக்காரி தடுக்கவில்லை.

"கையை நீட்டுங்க."

"அது இங்கயே இருக்கட்டும்."

"நீட்டுங்கன்னா."

சட்டையில் கையைத் துடைத்துவிட்டு நீட்டினார். கறி பட்ட கையில் கயிறு கட்டலாமா என்று ஒரு யோசனை வந்தது. முனியாண்டி கோபித்துக்கொள்ள மாட்டார் என்று கட்டினேன். மூன்று முடிச்சு. பாடுகிற பெண் அடுத்த பாட்டைத் தொடங்கினாள். இவர் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த லீமாவ் ஐச குடிச்சு முடிங்க, போவோம்" என்று மட்டும் சொன்னேன்.

பின்சந்திலிருந்து மோட்டார் சைக்கிளை எடுத்து வந்தார். பின்னால் உட்கார்ந்து, ஒரு கையில் கீரையும் மறு கையில் அவருடைய சட்டையுமாக வீடு வந்தேன். வழியில் அவர் முனகவில்லை. முனகினால் நன்றாக இருக்குமே என்று எனக்கு இருந்தது, கேட்க வெட்கமாக இருந்தது.

கேட்டைத் திறந்து முதலில் நான்தான் உள்ளே போனேன். பழக்கதோஷம், வாசல்படியில் ஏறித் திரும்பி நின்றுவிட்டேன். அவர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார். நான் கேட்காமலேயே என் உயரத்துக்குக் குனிந்தார். எப்போதும் அப்படித்தான் குனிவார் போலிருக்கிறது. இத்தனை காலமும் நான் அவருடைய வாயை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். கயிறு கட்டிய கையைக் கதவு நிலையில் ஊன்றிக்கொண்டு, கண்ணை மூடி ஊதினார்.

நான் முகராமல் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஊதி முடிக்கும் வரை பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, உள்ளே போகலாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.